எந்தக் கிரெடிட் மார்க்‌ஷீட்டில் ஏறும்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர்களுக்கு,

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் ஜனவரியிலும், உங்கள் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்றி வரும்: "என்பிடெல்ல எந்தக் கோர்ஸ் ஈஸி?" சீனியர் ஒருவர் இரண்டு பெயர் சொல்வார். மறுநாள் பாதி வகுப்பு அந்த இரண்டில் சேர்ந்திருக்கும். மீதிப் பாதி, இன்ஸ்டாகிராமில் வந்த ஏதோ ஒரு நிறுவனத்தின் "சர்டிஃபிகேட்டோடு இன்டர்ன்ஷிப்" விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேள்வியில் தப்பில்லை. கணிதம் நடத்துகிற எனக்கும் குறுக்குவழி பிடிக்கும். நேர்வழியைவிட அது சில சமயம் அழகாகவும் இருக்கும். ஆனால் ஈஸியா, மலிவா, தரமா என்று விசாரிப்பதற்கு முன்பே விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதை முடித்தால் என் பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் பட்டியலில் இது ஏறுமா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பணமும் பன்னிரண்டு வாரமும் செலவழித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டதால்தான் இந்த மடல்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. மத்திய அரசின் ஆன்லைன் கோர்ஸ் தளமான ஸ்வயத்தை 2017 ஜூலை 9 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே யுஜிசி ஒரு விதிமுறை கொண்டு வந்து, ஒரு பருவத்தில் 20 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட் வாங்கலாம் என்றது. 2021இல் அந்த வரம்பை 40 சதவீதமாக உயர்த்தியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 40 சதவீதம் என்பது உச்சவரம்பு. அதில் எவ்வளவு, எந்தப் பாடத்துக்குப் பதிலாக, எந்தப் பருவத்தில் என்பதையெல்லாம் முடிவு செய்வது உங்கள் பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் கல்விக் குழு. ஒரு கல்லூரியில் விருப்பப் பாடம் ஒன்றுக்கு ஈடாக ஏற்றுக்கொள்வார்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் அதே சான்றிதழுக்குக் கூடுதல் கிரெடிட் என்று போட்டு, சிஜிபிஏ கணக்கில் சேர்க்காமல் தனி வரியாக விட்டுவிடுவார்கள். இன்னொன்றில் எதுவுமே நடக்காது.

அந்த மூன்றாவது வகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் ஆய்வுக் குழு வரும் ஆண்டுகளில் சில கல்லூரிகளுக்குத் திடீரென்று ஆன்லைன் படிப்பின் மீது பெரும் பாசம் பிறக்கும். "எல்லாரும் ஒரு கோர்ஸாவது முடித்தே ஆக வேண்டும்" என்று சுற்றறிக்கை வரும். தேர்வுக் கட்டணம் மாணவர் தலையில் விழும். சான்றிதழின் நகல்கள் கோப்பில் ஏறும், எண்ணிக்கை அறிக்கையில் ஏறும். மார்க்‌ஷீட்டில் மட்டும் ஏறாது. அப்படி ஒரு கல்லூரியில் மூன்று ஆண்டும் பருவத்துக்கு ஒன்று என்று முடித்த ஒரு மாணவி, கடைசியில் என்னிடம் வந்து "சார், இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டாள். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அவள் படித்தது வீண் போகவில்லை என்று சொன்னேன்; அது உண்மையும்கூட. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. அந்த ஆறு சான்றிதழ்களில் இரண்டையாவது விருப்பப் பாடங்களுக்கு ஈடாக எடுத்துக்கொண்டிருந்தால், இறுதியாண்டில் அவளுக்கு மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராக நேரம் கிடைத்திருக்கும்.

ஆகவே முதல் வேலை, கோர்ஸில் சேர்வதற்கு முன்பு உங்கள் விதிமுறைப் புத்தகத்தைப் படிப்பது. முதலாண்டு தொடக்கத்தில் கொடுத்து, நீங்கள் திறக்காமல் வைத்திருக்கும் அதே புத்தகம்தான். அதில் ஸ்வயம் அல்லது மூக் (திறந்தநிலை ஆன்லைன் கோர்ஸ்) என்று வரும் பத்தியைத் தேடுங்கள். பிறகு எச்ஓடியிடமோ, கல்லூரியில் ஸ்வயம் பொறுப்பாளராக இருக்கும் ஆசிரியரிடமோ போய், இந்தப் பருவத்தில் இந்தக் கோர்ஸை இந்தப் பாடத்துக்குப் பதிலாக எடுக்க அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கோர்ஸ் பெயர், வாரங்கள், நடத்தும் நிறுவனம், பாடத்திட்டத்தின் ஒரு பிரதி, எல்லாம் சேர்த்து. அனுமதியும் எழுத்தில் வரட்டும். "பாத்துக்கலாம்பா" என்பது அனுமதி ஆகாது. சான்றிதழ் வந்த பிறகு போய்க் கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்பதுதான்.

இப்போது பணத்துக்கு வருவோம்.

என்பிடெல் என்பது 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கியது. ஸ்வயம் தளத்தில் கோர்ஸ் நடத்தும் தேசிய ஒருங்கிணைப்பாளர்களில் அதுவும் ஒன்று. ஐஐடி மெட்ராஸ்தான் அதன் ஸ்வயம் பணிகளை முன்னின்று நடத்துகிறது. சேர, வீடியோ பார்க்க, வாராந்தர அசைன்மென்ட் எழுத, ஒரு ரூபாய் கிடையாது. தேர்வு எழுத வேண்டும் என்றால் மட்டும் கட்டணம்: அண்மைப் பருவங்களில் ஒரு கோர்ஸுக்கு 1,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அதில் பாதி. நான்கு வாரக் கோர்ஸுக்கு ஒரு கிரெடிட், எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று. கட்டணமோ எல்லாவற்றுக்கும் ஒன்றே. அப்படியானால் கணக்கு என்ன சொல்கிறது? நான்கு வாரக் கோர்ஸில் ஒரு கிரெடிட்டின் விலை 1,000 ரூபாய். பன்னிரண்டு வாரத்தில் 333 ரூபாய். "சீக்கிரம் முடியும்" என்று நான்கு வாரக் கோர்ஸுக்கு ஓடுகிறவர்கள் மூன்று மடங்கு விலை கொடுக்கிறார்கள். அதோடு, ஒரு கிரெடிட்டை வைத்துக்கொண்டு மூன்று கிரெடிட் விருப்பப் பாடத்தை மாற்ற முடியாது என்பதால் பல இடங்களில் அது எதற்கும் உதவாமலும் போகும்.

தேர்வு நேரடி மையத்தில். மையம் பெரும்பாலும் உங்கள் ஊரில் இருக்காது. மாவட்டத் தலைநகரிலோ அடுத்த மாவட்டத்திலோ இருக்கும். பேருந்துச் செலவு, காலை அமர்வு என்றால் முதல் நாளே போய்த் தங்கும் செலவு, கூட வரும் அப்பாவின் ஒரு நாள் கூலி, இதெல்லாம் எந்த இணையதளத்திலும் கட்டணப் பட்டியலில் வராது. நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரே தேதியில் பதிவு செய்து ஒன்றாகப் போகிறவர்கள் புத்திசாலிகள். தேர்வு நகரத்துக்கான விருப்பத்தைப் பதிவு செய்யும்போதே இதை யோசியுங்கள். கடைசி நாளில் பதிந்தால் பக்கத்து ஊர் மையம் நிரம்பியிருக்கலாம்.

கலை, வணிகம், சமூக அறிவியல் மாணவர்கள் "என்பிடெல் எல்லாம் இன்ஜினியரிங்காரனுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஸ்வயத்தில் அதைத் தவிரவும் ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். இளநிலைப் பாடங்களுக்கு சிஇசி, முதுநிலைக்கு யுஜிசி, மேலாண்மைக்கு ஐஐஎம் பெங்களூரு, இவை போக இக்னோ. இங்கே உள்மதிப்பீட்டுக்கு 30, இறுதித் தேர்வுக்கு 70 என்பது வழக்கம்; தேர்வைத் தேசியத் தேர்வு முகமையான என்டிஏ நடத்துகிறது. தரத்தில் இவை சீராக இல்லை. சில கோர்ஸ்களில் அருமையான குறிப்புகளும் விவாதமும் இருக்கும். சிலவற்றில் ஆசிரியர் பவர்பாயின்ட்டை வரிவரியாக வாசித்துவிட்டுப் போவார்.

நான் முதல்வன் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் 1 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிய திறன் பயிற்சித் திட்டம். பாடத்திட்டத்தோடு சேர்ந்தே வருகிறது, காசு இல்லை, நீங்கள் தேடிப் போகவும் வேண்டாம். பயிற்சி கொடுக்கும் நிறுவனத்தைப் பொறுத்துத் தரம் ஏறி இறங்கும். எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள், கவனித்து எடுங்கள்.

கோர்செரா 2012இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் ஆண்ட்ரூ இங், டாஃப்னி கோலர் இருவரும் தொடங்கியது. அதில் இருக்கும் பாடங்களின் தயாரிப்பு நேர்த்தி நம் வீடியோக்களுக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். மாதச் சந்தா, வேகமாக முடித்தால் செலவு குறைவு, நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. சில கல்லூரிகளே மொத்தமாக உரிமம் வாங்கி மாணவர்களுக்கு இலவசமாகத் தருகின்றன. ஆனால் யுஜிசியின் 40 சதவீதக் கணக்கு ஸ்வயத்துக்கானது. கோர்செரா சான்றிதழ் கிரெடிட்டாக மாற வேண்டுமானால் உங்கள் கல்லூரி தனியாக ஏற்பாடு செய்திருக்க வேண்டும். திறமைக்காகப் படிக்கிறேன் என்றால் தாராளமாகப் படியுங்கள். கிரெடிட்டுக்கு என்றால் முதலில் மேலே சொன்ன கடிதத்தைக் கொடுங்கள்.

இதில் ஐஐடி மெட்ராஸின் பிஎஸ் தரவு அறிவியல் படிப்பையும் சிலர் சேர்த்துக் கேட்பார்கள். அது 2020இல் வந்தது. ஜேஇஇ வேண்டாம், நான்கு வாரம் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேறினால் போதும். தொடங்கிய காலத்தில் அடிப்படை நிலையின் 32 கிரெடிட்டுக்கு 32,000 ரூபாய் என்று இருந்தது. குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகையும் உண்டு. இந்தப் படிப்பில் சேர்ந்த மாணவர்களை எனக்குத் தெரியும், நன்றாகத் தேறியிருக்கிறார்கள். ஆனால் இது தனியான ஒரு பட்டம். உங்கள் பிஎஸ்சியில் ஒரு பாடத்துக்கு ஈடு தேடுகிறவர் இதை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மிச்சமிருப்பவை தனியார் நிறுவனங்கள். முப்பதாயிரம், ஐம்பதாயிரம், இஎம்ஐ வசதி, "பல்கலைக்கழகத்துடன் இணைந்து" என்ற வாசகம். 2022 ஜனவரியிலேயே யுஜிசியும் ஏஐசிடிஇயும், கல்லூரிகள் இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் கிளை உரிமம் கொடுத்து ஆன்லைன் படிப்பு நடத்தக் கூடாது என்று எச்சரித்துவிட்டன. என் கருத்தைக் கேட்டால், கல்லூரி முடிப்பதற்கு முன் ஒரு சான்றிதழுக்காகக் கடன் வாங்குவது முழு அநியாயம். அப்பா அம்மா கையெழுத்து போட்ட பிறகு அந்தக் கடன் உங்களுக்குக் கோர்ஸ் பிடிக்கவில்லை என்பதற்காக நிற்காது.

ஒரு சின்னப் பக்கப் பேச்சு. ஆன்லைனில் கிரெடிட் விற்கும் சந்தை அமெரிக்காவில் நம்முடையதைவிடப் பழையது, பெரியது. சோஃபியா என்ற தளத்தில் மாதம் 99 டாலர் கட்டி முடிந்தவரை பாடம் முடிக்கலாம். ஸ்ட்ரெய்ட்டர்லைன், ஸ்டடி டாட் காம் என்று இன்னும் சில. அவற்றின் பாடங்களை அமெரிக்கக் கல்விக் குழு என்ற அமைப்பு ஆராய்ந்து "இதற்கு இத்தனை கிரெடிட் தரலாம்" என்று பரிந்துரைக்கிறது. பரிந்துரை மட்டும்தான். தருவதும் தராததும் அந்தந்தக் கல்லூரியின் இஷ்டம். கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் மாநில வாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். மூன்று யூனிட் பாடம் 138 டாலர். 99 டாலர் தளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் அது அந்த மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு நேராக மாற்றலாகும் பாதையில் இருக்கிறது. அங்கே விவரம் தெரிந்த மாணவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் தாங்கள் சேரப் போகும் கல்லூரியின் மாற்றல் பட்டியலைப் பார்க்கிறார்கள். நம் சிக்கலும் அதேதான், டாலருக்குப் பதில் ரூபாய்.

தரத்தை எதை வைத்து அளப்பது? ஐஐடி என்ற பெயரை வைத்துத்தான் பெரும்பாலானோர் அளக்கிறார்கள். அது பத்திரிகையின் பளபளப்பைப் பார்த்துக் கல்யாணச் சாப்பாட்டுக்கு மார்க் போடுவது. நான் பார்ப்பது தேர்வை. ஆள் மாறாட்டமில்லாமல், அடையாள அட்டையோடு, கண்காணிப்பாளர் முன்னிலையில், மூன்று மணி நேரம் உட்கார வைக்கிற தேர்வு இருக்கிறதா? இருந்தால் அந்தச் சான்றிதழுக்கு ஒரு அர்த்தம் உண்டு. வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டி, ஐந்து கேள்வியைத் திரும்பத் திரும்பத் தட்டி, கடைசியில் பெயர் போட்ட பிடிஎஃப் இறங்குகிறது என்றால், அதை நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவரும் முடித்திருப்பார். அவருக்குத் தெரியும்.

என்பிடெல்லில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரக் கோர்ஸில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டின் சராசரியை எடுப்பார்கள். தேர்ச்சிக்கு இரண்டிலும் தனித்தனிக் குறைந்தபட்சம்: அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30. இங்கேதான் டெலிகிராம் வீரர்கள் விழுகிறார்கள். வாரம் தவறாமல் யாரோ போடும் விடைகளைப் பார்த்து எழுதி அசைன்மென்ட்டில் 24 வாங்கிவிடுவார்கள். தேர்வில் 28. கூட்டினால் 52, ஆனாலும் சான்றிதழ் இல்லை, 1,000 ரூபாய் போயிற்று. தட்டித் தடவித் தேறினாலும் தப்ப முடியாது, ஏனென்றால் சான்றிதழிலேயே அசைன்மென்ட் மதிப்பெண்ணும் தேர்வு மதிப்பெண்ணும் தனித்தனியாக அச்சாகும். 24.5க்குப் பக்கத்தில் 31 இருந்தால், விவரம் தெரிந்த எவரும் ஒரு நொடியில் கதையைப் படித்துவிடுவார். எலைட் என்று வர மொத்தம் 60 வேண்டும், எலைட்டோடு வெள்ளிக்கு 75, தங்கத்துக்கு 90. எலைட் வாங்கினால் கட்டணத்தைத் திருப்பித் தரும் கல்லூரிகளும் உண்டு. உங்களுடையது அப்படியா என்று கேட்டு வையுங்கள்.

கோர்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று செய்யுங்கள். பழைய பருவத்தின் வீடியோ யூடியூபில் கிடக்கும். மூன்றாவது வாரத்தின் ஒரு வகுப்பைப் பாருங்கள். முதல் வாரம் எல்லாருமே நன்றாக நடத்துவார்கள், என்னையும் சேர்த்து. மூன்றாம் வாரத்தில் புரிகிறதா, அசைன்மென்ட் கேள்வி நடத்தியதைத் தாண்டி ஒரு படி யோசிக்க வைக்கிறதா, விவாத மன்றத்தில் மாணவர் கேட்டதற்கு யாராவது பதில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வீடியோ எந்த ஆண்டு பதிவானது என்பதும் சில பாடங்களில் முக்கியம். நேரியல் இயற்கணிதம் பத்தாண்டில் பழசாகாது. இயந்திரக் கற்றல் ஆகும். அடிப்படை நிற்கும், கருவிகள் மாறிவிடும். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வழித் தரவுக் கட்டமைப்புக் கோர்ஸை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எட்டு வாரம்தான். ஆனால் நீங்கள் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடும். சரியான விடையை ஊகித்துத் தட்ட முடியாது. ஐஐடி ரோபரின் சுதர்சன் ஐயங்கார் நடத்தும் பைத்தான் கோர்ஸ் அதைவிட இலகுவானது, நிரல் எழுதியே பழகாதவருக்கு ஏற்றது. ஐஐடி மெட்ராஸ் பாலராமன் ரவீந்திரனின் இயந்திரக் கற்றல் கோர்ஸுக்கு நிகழ்தகவும் அணிகளும் தெரியாமல் போனால் நான்காவது வாரம் திரும்பி வருவீர்கள். பெயருக்காக அதில் சேர்ந்து இடையில் விட்டவர்களின் பட்டியல் என்னிடம் உண்டு, வெளியிட மாட்டேன்.

இடையில் விடுவது உங்கள் சோம்பேறித்தனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டும் எம்ஐடியும் 2012–13இல் தங்கள் முதல் ஆன்லைன் கோர்ஸ்களை ஆராய்ந்தபோது, மொத்தம் 8,41,687 பதிவுகளில் சான்றிதழில் முடிந்தவை 43,196. நூற்றுக்கு ஐந்து. இலவசமாகச் சேர்வது எளிது என்பதால் விடுவதும் எளிது. தேர்வுக் கட்டணம் கட்டியவர்கள் கூடுதலாகத் தாக்குப் பிடிக்கிறார்கள் என்பது என் வகுப்பறை அனுபவம். முதல் மூன்று வாரம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெரும்பாலும் அதற்கு அவகாசம் இருக்கும். பன்னிரண்டு வாரக் கோர்ஸில் சுமார் 30 மணி நேர வீடியோ இருக்கும், குறிப்பெடுத்துப் பார்த்தால் இரட்டிப்பாகும், அசைன்மென்ட் தனி. உங்கள் இன்டர்னல் தேர்வுகளும் அதே வாரங்களில்தான் வரும். பருவத்துக்கு ஒரு கோர்ஸ், அதற்கு மேல் வேண்டாம். மூன்று நான்கு என்று அள்ளிப் போட்டு, இங்கே அரியர் வைத்து அங்கே சில்வர் வாங்குவதில் எனக்கு எந்தப் பெருமையும் தெரியவில்லை.

நாள்காட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜனவரிப் பருவத்தின் தேர்வு ஏப்ரல் வாக்கில் முடிந்து, முடிவு வர மேலும் சில வாரமாகும். கடைசிப் பருவத்தில் ஒரு விருப்பப் பாடத்துக்கு இதை நம்பி வைத்தவர்கள், நண்பர்கள் எல்லாரும் புரொவிஷனல் வாங்கிப் போன பிறகும் முடிவுக்காகக் காத்திருப்பார்கள். வேலையில் சேரும் தேதி நெருங்கியிருந்தால் இன்னும் சங்கடம். தேறாமல் போனாலோ கேட்கவே வேண்டாம். கிரெடிட் மாற்ற வேண்டிய கோர்ஸ்களைக் கடைசிக்கு முந்தைய பருவத்துக்குள் முடித்துவிடுங்கள். டிஜிலாக்கர் வழியாக, கிரெடிட்டுகள் சேரும் ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) கணக்கையும் அதன் பன்னிரண்டு இலக்க எண்ணையும் இப்போதே எடுத்துவிடுங்கள். ஆதாரிலும் கல்லூரிப் பதிவிலும் ஸ்வயத்திலும் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும். முன்னால் ஒரு இனிஷியல், பின்னால் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால், தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய அந்த அலைச்சல் இங்கேயும் காத்திருக்கும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் என்னிடம் தனியாக வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, வகுப்பில் சத்தமாகக் கேட்கக் கூச்சம்: இதைத் தமிழில் படிக்க வழி உண்டா? என்பிடெல்லின் பல கோர்ஸ்களுக்கு விரிவுரையின் தமிழ் எழுத்து வடிவம் தளத்திலேயே இருக்கிறது, பதிவிறக்கலாம். மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடு. கலைச்சொல்லை ஆங்கிலத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் ஓடும். முதல் தடவை தமிழில் வாசித்துவிட்டு, இரண்டாவது தடவை ஆங்கில விரிவுரையைக் கேளுங்கள். தேர்வுத் தாள் ஆங்கிலத்தில்தான் வரும், ஆகவே ஐந்தாவது வாரத்திலிருந்து அசைன்மென்ட்டை ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கப் பழகுங்கள். உங்கள் கோர்ஸுக்குத் தமிழ் வடிவம் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன் பார்த்துவிட்டு, அந்த விவரத்தையும் எச்ஓடிக்குக் கொடுக்கும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஆண்டு எந்தக் கோர்ஸை ஏற்பது என்று கல்விக் குழு பேசும்போது, அந்த வரியை யாராவது ஒருவர் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் கணித ஆசிரியர்களில் ஒருவன்